பங்குத்தொகையில் ஒரு புத்தகக் கடை



குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் ஜவுளிக்கும் நகைக்கும் மாடி மாடியாகக் கடைகள்; இலக்கியம் வாங்க ஜனவரியின் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குக் காத்திருக்கிறோம். தனியொருவர் புத்தகக் கடை போட்டால் அட்வான்ஸும் வாடகையுமே மூலதனத்தை விழுங்கிவிடும். ஊரார் பங்கு போட்டால்? கோட்டயத்தில் 1945-இல் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாயில் தொடங்கிய சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம் கேரளத்தின் பெரிய பதிப்பகமாகவே வளர்ந்தது. அங்கே எழுத்தாளர்கள் கூடினார்கள். இங்கே வாசகர்கள் கூடட்டும்.

சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோமே என்பார்கள். நூலகம் இரவல் தரும். சிறுபத்திரிகை விற்காது, நாடக ஒத்திகைக்கு இடம் ஒழித்துத் தராது. இணையத் தள்ளுபடியோடு மோத முடியுமா என்ற அச்சம் நியாயமானது. பங்கு போட்டவரும் தள்ளுபடி கண்டால் நழுவுவார் (நம்மவர்களைத் தெரியாதா!). ஆகவே நன்கொடை வேண்டாம். திரும்பப் பெறக்கூடிய பங்கு, ஆண்டுதோறும் தணிக்கை, ஓராண்டு வாடகை சேர்ந்த பிறகே ஷட்டரைத் தூக்குவது.

— ஒரு வாசகர், குரோம்பேட்டை