காந்த பிரேக் இருந்துட்டுப் போகட்டுமே

லீவுக்கு எப்போதும்வென்றானுக்கு வர்ற பசங்க, விரால் பிடிக்க ரப்பர் தவளையும் பெயிட்காஸ்டிங் ரீலுமா கண்மாய்க் கரையில நிக்கிறாங்க. காந்த பிரேக் வச்ச ரீலை 'கத்துக்குட்டிங்களுக்கு'ன்னு சிலர் ஒதுக்குறாங்க. எனக்கு அது சரியாப் படலை.

சொட்டுநீர்க் குழாய்ச் சுருளைக் கம்பில மாட்டி இழுத்துட்டுப் போறோம். சட்டுன்னு நின்னா, நாமதான் நிப்போம், சுருள் நிக்காது. குழாய் அவுந்து குமிஞ்சிரும். ரீல்லயும் அதேதான். தவளை வேகம் குறைஞ்ச பிறகும் ஸ்பூல் சுத்தினா நரம்பு சிக்காயிரும். நம்ம கரிசக்காட்டு எதிர்காத்துல இன்னும் மோசம்.

காந்தம் ஸ்பூலைத் தொடுறதே இல்லை. சுத்துற அலுமினியத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே இழுத்துப் பிடிக்கும். வேகம் கூடினா பிடியும் கூடும். உராய்வு இல்லாததால தேய்மானமும் இல்லை. எதிர்காத்துக்குத் திருகை ரெண்டு எண் கூட்டுங்க. தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எனக்கு அக்கறை வேற. சிக்கான நரம்பை அறுத்துக் கரையிலயே போட்டுட்டுப் போயிடுறாங்க. அது மக்காது. மேயிற ஆட்டுக் காலைச் சுத்தும், கொக்குக் காலையும் விடாது. கட்டைவிரல்லயே ஸ்பூலை அடக்கத் தெரிஞ்சவங்க எப்படி வேணா எறியட்டும். மத்தவங்க பிரேக்கோட வாங்க, மீன்பாசி குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.