பொட்டலம் வாசலுக்கு வருமுன் கணக்கு முடியட்டும்

அழைப்பு மணி ஒலிக்கிறது. பல வாரங்களாக எதிர்பார்த்திருந்த பொட்டலம் ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. ஆவலோடு கதவைத் திறக்கும் இளைஞரிடம் கூரியர் ஊழியர் ஒரு சீட்டையும் நீட்டுகிறார்: “சுங்க வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 4,850 ரூபாய் கட்டணும், சார்.” விரும்பிய அனிமே நாயகனின் உருவச்சிலைக்கு 8,000 ரூபாய், அதை அனுப்பி வைக்க 3,000 ரூபாய் என முன்பே செலுத்தியாயிற்று. மாதமோ கடைசி வாரத்தில் நிற்கிறது. கட்டினால் வீட்டுச் செலவுக்குத் துண்டு விழும். மறுத்தால் பொட்டலம் திரும்பிப் போகும். கொடுத்த பணம் முழுதாகக் கைக்கு வரும் என்ற உறுதியும் இல்லை.

இது எடுத்துக்காட்டுக்காக நாம் தீட்டிய காட்சி. ஆயினும், வெளிநாட்டிலிருந்து பொருள் தருவிக்கும் பழக்கமுள்ள எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. அனிமே இன்று நம் வீடுகளுக்கு அந்நியமான கலையும் அன்று. டோரேமானும் ஷின்-சானும் நம் குழந்தைகளோடு தமிழிலேயே பேசிப் பழகியவர்கள். ஜப்பானியக் கலைஞர்களும் இந்தியக் கலைஞர்களும் இணைந்து உருவாக்கிய இராமாயண அனிமே திரைப்படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது. பார்த்து மகிழ்ந்தவர்கள் அதன் உருவச்சிலை, மங்கா நூல், ப்ளூ-ரே வட்டு, ஓவியத் தொகுப்பு ஆகியவற்றைச் சேர்க்க விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அரசு வரி விதிப்பதையும் நாம் குறை கூறவில்லை. ஒரு பொருளுக்கு மொத்தம் எவ்வளவு கொடுக்கப்போகிறோம் என்பது வாங்கும் முன்பே வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. அதில் வாங்குபவரின் கடமையும் உண்டு. விற்பவர், அனுப்புபவர், அரசு ஆகியோரின் கடமையும் உண்டு.

வரி எதன் மீது?

பலரும் வரியைப் பொருளின் விலை மீது மட்டும் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். முதல் பிழை அங்கேதான் நேர்கிறது. இந்தியச் சுங்கச் சட்டப்படி, பொருளின் விலையோடு அனுப்புச் செலவும் காப்பீட்டுச் செலவும் சேர்ந்ததே மதிப்பீட்டு விலை. வான்வழியே வரும் பொருளுக்கு, உண்மையான அனுப்புச் செலவு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பீட்டில் சேர்க்கலாகாது என்று 2007-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம் சேர்க்கப்படும்.

இந்த மதிப்பீட்டு விலை மீது அடிப்படைச் சுங்க வரி விழுகிறது. அந்த வரியின் மீது சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், அது பொருந்தும் இனங்களில், சேர்கிறது. பிறகு மதிப்பீட்டு விலை, சுங்க வரி, கூடுதல் வரி ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை மீது ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி கணக்கிடப்படுகிறது. வரியின் மீது வரி ஏறுவது இவ்வாறுதான்.

நம் இளைஞரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை. ஆகவே கணக்கின் போக்கைக் காட்ட மட்டும் அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம் என வைத்துக்கொள்வோம். விலை 8,000, அனுப்புச் செலவில் மதிப்பீட்டுக்கு வருவது 1,600, காப்பீடு 90. மதிப்பீட்டு விலை 9,690 ரூபாய். சுங்க வரி 1,938. கூடுதல் வரி ஏறத்தாழ 194. மூன்றும் சேர்ந்த 11,822 மீது சரக்கு மற்றும் சேவை வரி 2,128. ஆக மொத்த வரி 4,260 ரூபாய். நம் சார்பில் வரியை முன்னதாகச் செலுத்தியதற்காகக் கூரியர் நிறுவனம் கேட்கும் சேவைக் கட்டணம் 500 ரூபாய் என்றால், அதன் மீதான வரி 90. வாசலில் நீட்டப்பட்ட சீட்டின் 4,850 ரூபாய்க்கு விளக்கம் இதுவே.

அத்தோடு முடியவில்லை. அட்டையில் செலுத்திய 11,000 ரூபாய்க்கு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதமானால் 385 ரூபாய். அதன் மீது 18 சதவீத வரி 69 ரூபாய். அனைத்தையும் கூட்டினால் 16,304 ரூபாய். எட்டாயிரத்துக்கு வாங்கியதாக எண்ணிய பொருள் அதன் இரு மடங்குக்கு மேல் வந்து நிற்கிறது.

சிறிய தொகைக்கு வரி இராது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. செலுத்த வேண்டிய வரி 100 ரூபாயோ அதற்குக் குறைவோ ஆனால் வசூலிக்கப்படாது என்று சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கூறுகிறது. அதைத் தாண்டி, விலை குறைந்த பொருள் என்பதற்காக மட்டும் விலக்கை எதிர்பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பெயரில் இருக்கிறது விலை

பொட்டலத்தின் மீது எழுதப்படும் பெயருக்கும் விலை உண்டு. அச்சிட்ட நூல்களின் இறக்குமதிக்கு 2019-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 5 சதவீதச் சுங்க வரி விதிக்கப்பட்டது. விளையாட்டுப் பொம்மைகளுக்கான சுங்க வரியோ 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது அதன் நோக்கம். பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் உண்டு. வயது வந்தோர் அலமாரியில் வைக்க வாங்கும் உருவச்சிலை, வெறுமனே ‘பொம்மை’ என்று எழுதப்பட்டு அத்தலைப்பில் சேர்க்கப்பட்டால், நம் எடுத்துக்காட்டில் அடிப்படைச் சுங்க வரி மட்டும் 1,938-க்குப் பதிலாக 6,783 ரூபாயாகிவிடும். எனவே பொருள் இன்னது, எதனால் ஆனது, எத்தனை, என்ன விலை என்று தெளிவாகவும் உண்மையாகவும் எழுதித் தருமாறு விற்பவரிடம் முன்கூட்டியே கேட்பது நலம்.

உண்மையாகவும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். விலையைக் குறைத்து எழுதித் தருவதாகவும், ‘பரிசு’ என்று குறித்துத் தருவதாகவும் சில விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. பரிசு என்ற பெயரில் அஞ்சலிலும் கூரியரிலும் வரி விலக்கோடு பொருள் தருவிப்பது, உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கியும் நீங்கலாக, 2019 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பொய் விலை எழுதிய பொட்டலம் பறிமுதலுக்கும் அபராதத்துக்கும் உள்ளாகலாம். வழியில் தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்கே கிடைக்கும். சில நூறு ரூபாய்க்காக எடுத்துக்கொள்ளத் தக்க துணிச்சல் அன்று இது.

காற்றுக்கும் கட்டணம்

அனுப்புச் செலவைக் கூட்டுவது பல நேரங்களில் பொருளின் எடை அன்று, பெட்டியின் பருமன். தனியார் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்துக் கொள்ளளவு எடை காண்பது வழக்கம். 40, 30, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் கொள்ளளவு எடை 7.2 கிலோ. உள்ளே இருக்கும் உருவச்சிலை 2 கிலோவே ஆனாலும் 7.2 கிலோவுக்குக் கட்டணம் செலுத்த நேரும். ஜப்பான் அஞ்சல் துறையின் இஎம்எஸ் சேவையோ உண்மையான எடைக்கே கட்டணம் கொள்கிறது. கடல்வழி அஞ்சல் இன்னும் மலிவு. ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய பெட்டிக்கு அஞ்சலும், சிறிய கனமான நூல்களுக்கு விலை ஒப்பீட்டுக்குப் பின் எது மலிவோ அதுவும் என முடிவு செய்யலாம். பல பொருள்களை ஒரே பெட்டியில் சேர்த்துத் தருவித்தால் அனுப்புச் செலவும் சேவைக் கட்டணமும் ஒருமுறையோடு போகும்.

வட்டு வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ப்ளூ-ரே வட்டுகளுக்கான உலகப் பகுப்பில் ஜப்பான் ஏ மண்டலம். இந்தியா சி மண்டலம். டிவிடியில் ஜப்பான் 2, இந்தியா 5. மண்டலப் பூட்டுள்ள வட்டு நம் வீட்டுக் கருவியில் ஓடாது. வரியெல்லாம் கட்டி வாங்கிய வட்டு பெட்டியிலேயே உறங்குவதைவிட வருத்தம் தருவது வேறில்லை.

வங்கிக் கணக்கின் பக்கம்

பணம் செலுத்தும் திரையில் “ரூபாயில் செலுத்தலாமா?” என்ற கேள்வி வந்தால், பெரும்பாலும் யென்னிலேயே செலுத்துவது சிக்கனம். ரூபாயைத் தேர்ந்தால் விற்பவர் பக்கத்தின் மாற்று விகிதம் பொருந்தும். அதில் அவர்களது ஆதாயமும் அடங்கியிருக்கும். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வாங்கும் நாளில் திறந்து, முடிந்ததும் மூடிவிடலாம். தேவைக்கேற்ற உச்சவரம்பும் வைக்கலாம்.

முன்பதிவில் தனிக் கவனம் வேண்டும். பல கடைகள் உருவச்சிலை வெளியாகும் நாளில்தான் பணம் எடுக்கும். வெளியீடு தள்ளிப்போவது வழக்கமாதலால், வெவ்வேறு மாதங்களில் வரவேண்டிய மூன்று பொருள்கள் ஒரே மாதத்தில் வந்து சேரலாம். அப்போது கடன் அட்டையின் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளினால், வரியைவிட வட்டி கனக்கும். விருப்பப் பொருளுக்கென்றே சிறிய தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கி, பொருள் விலையின் இரு மடங்கு சேர்ந்த பிறகு முன்பதிவு செய்வதே நாம் பரிந்துரைக்கும் ஒழுங்கு. வரி குறைவாக வந்தால் மீதி அடுத்த விருப்பத்துக்கு ஆகும்.

பொட்டலத்துக்காகக் காத்திருப்போரின் ஆவலை மோசடிக்காரரும் அறிவர். “உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது; இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்” என்று குறுஞ்செய்தி வந்தால் இணைப்பைத் தொட வேண்டாம். பொருளை அனுப்பிய நிறுவனத்தின் தளத்துக்கு நாமே சென்று, பொட்டல எண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. அத்துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கும். அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையையும் அழையுங்கள்.

இனி செய்ய வேண்டியது

இத்தனை கணக்கையும் வாங்குபவரே போட வேண்டுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல், 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருள்களுக்கு விற்கும் இடத்திலேயே வரி வசூலிக்கச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 22 யூரோ விலக்கை நீக்கியபோதே, 150 யூரோ வரையிலான பொருள்களுக்கு மதிப்புக்கூட்டு வரியை விற்பனையாளரே பெற்றுச் செலுத்தும் ஏற்பாட்டையும் தந்தது. சிங்கப்பூர் 2023 ஜனவரியில், 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொருள்களுக்கு இதே வழியில் சென்றது. இந்நாடுகளில் வரி மறைந்துவிடவில்லை. அது வாசலிலிருந்து, பணம் செலுத்தும் திரைக்கு இடம் மாறியது.

நம் நாட்டிலும் தனிநபர் தருவிக்கும் சிறு பொருள்களுக்கு இத்தகைய எளிய ஏற்பாடு வருவது நன்று என்பது நம் கருத்து. அதனால் அரசுக்கு வருவாய் குறையாது, பொட்டலங்கள் தேங்காது, பொய் விலை எழுதும் ஆசையும் தணியும். அதுவரை கூரியர் நிறுவனங்கள் தம் சேவைக் கட்டணத்தையேனும் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிக்கலாம். ‘வரி உட்பட’ அனுப்பும் வசதியை விற்பனையாளர் தந்தால், சற்றுக் கூடுதலாகத் தோன்றினும் வாடிக்கையாளர்கள் அதைப் பரிசீலிக்கலாம்.

அந்த ஏற்பாடு வரும்வரை ஒரு தாளும் பேனாவும் போதும். விலை, அனுப்புச் செலவு, வரி, சேவைக் கட்டணம், செலாவணிக் கட்டணம் என ஐந்து வரிகள் எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகும் அந்த உருவச்சிலை வேண்டும் என்று மனம் சொன்னால், தயங்காமல் வாங்குங்கள். அழைப்பு மணி ஒலிக்கும் நாளில் கூரியர் ஊழியர் சொல்லும் தொகை உங்கள் தாளில் முன்பே எழுதப்பட்டிருக்கும். பொட்டலத்தை நிம்மதியாகப் பிரிக்கலாம்.