முதல் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

போடிநாயக்கனூரிலும் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களிலும் பிளஸ் டூ முடித்துவிட்டு கம்ப்யூட்டர் படிக்கப் போகும் பிள்ளைக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். ஜாவாவோ பைத்தானோ ஒரு மொழியைப் பிடித்துக்கொள், சந்தையில் ஓடுகிற ஃபிரேம்வொர்க் ஒன்றைக் கற்றுக்கொள், சீக்கிரம் வேலையில் சேர். அடிப்படை, தத்துவம் எல்லாம் வசதி உள்ளவர்கள் படிக்கட்டும். ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களிடம் நல்லெண்ணத்தோடுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறான புத்திமதி. ஃபிரேம்வொர்க் சில ஆண்டுகளில் வழக்கொழியும். அப்போது பணம் கட்டி இன்னொரு கோர்ஸில் சேரக்கூடியவர் தப்பித்துக்கொள்வார். அந்த வசதி இல்லாத பிள்ளைக்கு, ஒருமுறை கற்றால் எல்லா மொழிக்கும் பயன்படும் அடிப்படை ஒன்றுதான் கைமுதல். குறைந்த வசதி உள்ளவருக்கு அடிப்படை தேவையில்லை என்பது, கணக்கைத் தலைகீழாகப் போடுவதாகும்.

இந்த நம்பிக்கைக்கு எதிரான முதல் சாட்சி நம் அரசுப் பள்ளி மாணவர்களின் பைக்குள்ளேயே இருக்கிறது. 2019இல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் பைத்தானில் தொடங்கவில்லை. அதன் முதல் பாடமே செயற்கூறு, அதாவது ஃபங்ஷன். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தந்து, வெளியே உள்ள எதையும் தொடாமல் வேலையை முடிக்கும் தூய ஃபங்ஷன் எது, போகிற போக்கில் வெளியே உள்ள மாறியை மாற்றிவிட்டுப் போகும் ஃபங்ஷன் எது என்று அந்தப் பாடம் பிரித்துக் காட்டுகிறது. ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் உயிர்நாடியே இந்தப் பிரிவினைதான். அதன்பின் தரவு அருவமாக்கம், மாறிகளின் வரையெல்லை, நெறிமுறை என்று போய், ஐந்தாம் பாடத்தில்தான் பைத்தான் வருகிறது. பிளஸ் ஒன் நூலும் சி பிளஸ் பிளஸுக்கு முன்பே சிக்கலைப் பிரிப்பதையும் தற்சுழற்சியையும் சொல்லித்தருகிறது. சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் இளநிலை மாணவர்கள் முதலில் படிக்கும் புரோகிராமிங் பாடம் ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில்தான் நடக்கிறது. அங்கே பேராசிரியர்களான மாதவன் முகுந்த்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் இணையதளம் வழியாக எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ‘இதெல்லாம் எதற்கு’ என்ற நம்பிக்கைதான் அந்த முதல் பாடத்தை ஒரு மதிப்பெண் கேள்விக்கான மனப்பாடமாகச் சுருக்குகிறது.

அடிப்படை தெரியாததால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு, போடியின் தொழிலிலிருந்தே ஒரு கணக்கைக் காட்டலாம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் இது. லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை ஆகியவை ஏலம்தோறும் வெளியாகின்றன. இப்படியொரு கணக்கைப் போட ஒரு மாணவர் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டியலில் விவசாயிகளின் பெயர்கள். இன்னொன்றில் அதே வரிசையில் அவரவர் லாட்டுக்குக் கிடைத்த விலை. உச்ச விலையைக் கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் பைத்தானின் சார்ட் கட்டளையால் விலைகளை வரிசைப்படுத்தி, கடைசி எண்ணை எடுத்துத் தருகிறார். விடை சரியாகத்தான் வருகிறது. ஆனால் சார்ட் மூலப் பட்டியலையே கலைத்து அடுக்கிவிட்டது. அடுத்து பட்டுவாடாப் பட்டியல் தயாராகும்போது முதல் பெயருக்கு எதிரே ஆகக் குறைந்த விலையும் கடைசிப் பெயருக்கு எதிரே ஆக உயர்ந்த விலையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பிழைச் செய்தி வராது. விலைகளைக் கூட்டிப் பார்த்தாலும் தொகை மாறியிருக்காது. ஒருவர் காய்க்கு உரிய பணம் இன்னொருவருக்குப் போய்விடும். சார்ட்டெட் என்று எழுதியிருந்தால் புதிய பட்டியல் கிடைத்திருக்கும், பழையது அப்படியே இருந்திருக்கும். கட்டளைகளை மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிளஸ் டூ முதல் பாடத்தைப் புரிந்து படித்தவரோ அந்த வரியைப் பார்த்ததுமே நிற்பார்.

அதே கணக்கில் சராசரி விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ லாட் ஒன்று கிலோ 3000 ரூபாய்க்கும், 160 கிலோ லாட் ஒன்று 2500 ரூபாய்க்கும் விற்றால், இரண்டு விலைகளையும் கூட்டிப் பாதியாக்கி 2750 என்று சொல்வது தவறு. மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுத்தால் 2600 ரூபாய்தான் வரும். ஃபங்ஷனல் முறையில் யோசிப்பவர் விற்காத லாட்டுகளை ஃபில்டர் செய்வார். ஒவ்வொரு லாட்டையும் எடை, தொகை என்ற இணையாக மேப் செய்வார். பிறகு அந்த இணைகளை ரெட்யூஸ் வழியாகக் கூட்டுவார். குடோனில் அடுத்தடுத்த சல்லடைகள் தத்தம் அளவு காயை மட்டும் பிரித்து மற்றதைக் கடத்திவிடுவதுபோல, ஒவ்வொரு படியும் ஒரு வேலையோடு நிற்கிறது. அதனால் ஒவ்வொரு படியையும் தனித்தனியே சோதிக்க முடிகிறது. எதை எதால் பெருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, நிரலின் அமைப்பே பதில் சொல்ல வைக்கிறது.

ஃபங்ஷனல் புரோகிராமிங் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளுபவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஐபிஎம்மில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ், 1977இல் டூரிங் விருது உரையில், தான் வளர்த்த அந்தப் பாணியின் குறைகளையே எடுத்துச் சொல்லி ஃபங்ஷனல் பாணிக்காக வாதாடினார். மலைபோன்ற தரவுகளை ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரித்துச் செயலாக்க கூகுள் 2004இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் முறை, லிஸ்ப் மொழியின் மேப், ரெட்யூஸ் என்ற கருத்துகளிலிருந்து பிறந்தது. ஜாவாவே 2014இல் எட்டாம் பதிப்பில் லாம்டா என்ற ஃபங்ஷனல் அம்சத்தைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியபோது அதற்கு 45 கோடிப் பயனாளர்கள் இருந்தார்கள். அதைத் தாங்கிய சர்வர்கள் எர்லாங் என்ற ஃபங்ஷனல் மொழியில் ஓடின. வேலைச் சந்தை கேட்கும் ஜாவாவுக்குள்ளேயே இந்தச் சிந்தனை குடியேறிவிட்ட பிறகு, இது வேலைக்கு உதவாது என்று சொல்ல இடமில்லை.

நியாயமான ஆட்சேபங்களும் உண்டு. எல்லாவற்றையும் இந்தப் பாணியில் எழுதினால் நினைவகமும் நேரமும் வீணாகலாம். பைத்தானில் ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டு போனால் இயல்பாக 1000 அடுக்கோடு தடுக்கப்பட்டுவிடும். உண்மைதான். அங்கே சாதாரண லூப் எழுதுவதே சரி. மாற்றத்தை அறவே ஒழிக்கச் சொல்வது என் வாதமில்லை; எங்கே மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும் என்பதே. பசிக்கிற வீட்டில் வேலைதான் முதலில் என்று இன்னொரு குரல் வரும். அதையும் மதிக்கிறேன். ஆனால் அடிப்படைக்குத் தனியே ஓர் ஆண்டு ஒதுக்க வேண்டியதில்லை. வேலைக்காகக் கற்கும் அதே பைத்தானில், அதே பழைய லேப்டாப்பில், செலவில்லாமல் கூடவே கற்கலாம். இனி செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடும் என்பது கடைசி ஆட்சேபம். அப்படியானால் கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும் திறமைக்குத்தான் முதலில் மதிப்புப் போகும். இயந்திரம் எழுதித் தந்த ஐம்பது வரியில் பட்டியலைக் கலைக்கும் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பவருக்கு மதிப்புக் கூடும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பிளஸ் டூ ஆசிரியர்கள் முதல் நான்கு பாடங்களை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தூய ஃபங்ஷனையும் மற்றதையும் பைத்தானிலேயே எழுதவைத்து, எது எங்கே உடைகிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். 2012இல் போடியில் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் முதலாண்டு மாணவர்களுக்கு ஏலக் கணக்கே பயிற்சியாகட்டும். தரவு வெளியிலேயே கிடைக்கிறது. பிள்ளை எந்த மொழி படிக்கிறது என்று விசாரிக்கும் பெற்றோர், எழுதிய நிரல் ஏன் சரி என்று விளக்கச் சொல்லிக் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த மொழி வந்தாலும் போனாலும் பிழைத்துக்கொள்ளும். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அதற்குக் குறைந்த கல்வி போதும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கும் கிடையாது.