இணைப்பை விற்பவருக்கும் பொறுப்புண்டு



நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அண்ணலார் கண்டித்தார்கள். நாம் அனைவரும் அறிந்த சம்பவம் இது. அரிசி வாங்கும்போதும் துணி வாங்கும்போதும் இதனை நினைவில் கொள்கிறோம். ஆனால் மாதந்தோறும் பணம் கட்டி நாம் வாங்கும் இன்னொரு பொருளில் இதனை நினைப்பதே இல்லை. அதுதான் இணைய இணைப்பு.

இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995இல் ஆரம்பமானது. அப்போது அது ஒருசில அலுவலகங்களின் சங்கதி. 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, காதில் கிடந்ததை அடகு வைத்தாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்த தாய்மார் எத்தனையோ பேர். அன்று வீட்டுக்குள் வந்த இணையம் இன்று தண்ணீரையும் மின்சாரத்தையும் போல அத்தியாவசியமாகிவிட்டது.

பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று தாய்மாருக்கு உபதேசம் செய்யப் பலர் இருக்கிறார்கள். பயானிலும் சொல்கிறார்கள், பாடசாலைக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். அது உண்மைதான், நமது கடமையும்தான். ஆனால் இணைப்பை விற்ற கம்பனிக்கு ஒரு கடமையும் இல்லையா? தாயின் கண் எட்டாத சில இடங்களில் கம்பனியின் கைதான் எட்டும். அவை எவை என்று பார்ப்போம்.

போலிப் பெயரில் வரும் செய்தி

வங்கியின் பெயரிலும் அஞ்சல் திணைக்களத்தின் பெயரிலும் போலிக் குறுஞ்செய்திகள் வருவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். "உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பை அழுத்திப் பணம் செலுத்துங்கள்" என்றிருக்கும். அனுப்பியவர் பெயரும் அசல் போலவே தெரியும். குறுஞ்செய்தி அனுப்பும் முறையில் அனுப்புபவர் தாம் விரும்பிய பெயரைப் போட்டுக்கொள்ள இடமிருப்பதே இதற்குக் காரணம். இதை வீட்டிலிருக்கும் பெண் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

செய்தி வந்து சேரும் வழியில் நிற்பது கம்பனிதான். சிங்கப்பூரில் 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவு செய்யப்படாத பெயரில் வரும் குறுஞ்செய்திகளுக்கு "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரை குத்தப்பட்டே வாடிக்கையாளரிடம் அனுப்பப்பட்டது. நனைந்த தானியத்தை மேலே எடுத்து வைப்பது போன்ற காரியம் இது. மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

பிறர் கைக்குப் போகும் சிம் அட்டை

திருடன் நமது போனைத் தொடாமலே நமது இலக்கத்தைத் திருட முடியும். நமது விபரங்களைத் திரட்டிக்கொண்டு, "சிம் தொலைந்துவிட்டது" என்று சொல்லி நமது இலக்கத்துக்குப் புதிய சிம் அட்டை பெற்றுவிடுவான். அந்த நிமிடமே நமது போனில் சிக்னல் அற்றுப்போகும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. இலக்கம் அவனது கைக்குப் போய்விடும். உலகின் பல நாடுகளில் நடந்துவரும் மோசடி இது.

இதைத் தடுக்கும் சாவி முற்றாகக் கம்பனியிடமே உள்ளது. புதிய சிம் கொடுக்குமுன் அடையாளத்தைச் சரியாகப் பரிசோதிப்பதும், பழைய சிம்முக்கு அறிவித்துச் சற்று நேரம் தாமதிப்பதும் பெரிய செலவில்லை. நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. காரணமின்றித் திடீரென்று சிக்னல் போய் வராவிட்டால், வேறொரு போனிலிருந்து உடனே கம்பனிக்கும் வங்கிக்கும் அறிவிக்க வேண்டும். "கோபுரத்தில் ஏதோ பழுதாக்கும்" என்று மறுநாள்வரை இருந்துவிடக் கூடாது.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு விசேட வேண்டுகோள். நமது வீடுகளில் பெண்கள் பாவிக்கும் சிம் பெரும்பாலும் கணவர், சகோதரர், மகன் ஆகியோரின் பெயரிலேயே இருக்கிறது. சில வேளை, விற்ற கடைக்காரரின் பெயரில்கூட இருக்கும்! அதனால் ஆபத்து நேரும்போது, "இலக்கத்தை நிறுத்துங்கள்" என்று கேட்கக்கூட அவளுக்கு உரிமையில்லாமல் போகிறது. கணவர் வெளிநாட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம். தேசிய அடையாள அட்டையுடன் சென்று உங்கள் இலக்கத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு ஆண்கள் இதற்கு ஒத்தாசை செய்ய வேண்டும். மஹரும் சொத்தும் பெண்ணின் பெயரில் இருக்கலாம் என்று மார்க்கம் சொல்லும்போது, ஒரு சிம் அட்டை இருக்கக் கூடாதா?

சுவரோரத்தில் ஒரு பெட்டி

வைஃபை தரும் ரவுட்டர் பெட்டியை ஊழியர் வந்து பொருத்திவிட்டுப் போகிறார். அதைப் பற்றி அதன்பின் எவரும் சிந்திப்பதில்லை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டால், அந்தப் பெட்டி அந்நியரின் கருவியாகலாம். 2016இல் "மிராய்" எனும் தீய நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இருந்த கெமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வருடம் நவம்பரில் அதன் வழிவந்த இன்னொரு நிரல் ஜேர்மனியில் ரவுட்டர்களைத் தாக்கியதில், ஒரே கம்பனியின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்புப் பாதிக்கப்பட்டது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பதை பிரித்தானியா 2024 ஏப்ரலிலிருந்து சட்டத்தால் தடுத்துள்ளது.

பெட்டிக்குப் பெட்டி வேறு கடவுச்சொல் இட்டுக் கொடுப்பதும், அதன் மென்பொருளைக் காலத்துக்குக் காலம் புதுப்பிப்பதும் கம்பனியின் வேலை. பொருத்த வரும் பையனிடம், "மகன், இந்தப் பெட்டியின் கடவுச்சொல்லையும் வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றிக் காட்டிவிட்டுப் போங்கள்" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

பிள்ளைகளுக்கான வடிகட்டி

பிரித்தானியாவின் நான்கு பெரிய இணையக் கம்பனிகள், 2013இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, புதிதாக இணைப்புப் பெறும் ஒவ்வொரு வீட்டிடமும் "ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்கத் தொடங்கின. கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடந்து செல்ல முடியாதிருந்தது. வீட்டு வைஃபையில் இணையும் எல்லாக் கருவிகளுக்கும் அது பொருந்தும். தொழில்நுட்பம் தெரியாத தாயும் ஒரு சொல்லில் அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஆனால் வடிகட்டி பூரணமானதல்ல. அதே ஆண்டு டிசம்பரில், குடும்ப வன்முறைக்குள்ளான பெண்களுக்கு உதவும் தளங்களைக்கூட இத்தகைய வடிகட்டிகள் தடுத்தமையை பிபிசி வெளிக்கொணர்ந்தது. பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வீட்டு வடிகட்டி அங்கே வராது. வட்ஸ்அப்பில் வருவதைக் கம்பனியால் வாசிக்க முடியாது. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்கும்படி அது பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகளை மிரட்டுபவன் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறான்.

அங்கே வேண்டியது தாயின் காது. "உம்மாவிடம் சொன்னால் அடிப்பார், வாப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்" என்ற பயம்தான் மிரட்டுபவனின் பலம். மகள் வாய் திறந்த அன்று ஏசாதீர்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு உதவி தேடுங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 ஆகிய இலக்கங்கள் இருக்கின்றன. இணையத்தில் துன்புறும் பெண்களுக்கு வழிகாட்ட "ஹிதவதி" எனும் சேவையும் உண்டு. மானம் போய்விடும் என்று மூடி மறைப்பதால் மிரட்டல் நிற்பதில்லை. பணம் கொடுத்தாலும் நிற்பதில்லை.

பூட்டுவதற்கும் ஓர் எல்லை

"எல்லாவற்றையும் கம்பனியே மூடிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். 2018ஐ நினைத்துப் பாருங்கள். அம்பாறையில் உணவில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதாக எழுந்த பொய்க்கதை பேஸ்புக்கில் பரவியது. மார்ச் மாதம் திகனயிலும் கண்டியின் வேறு பகுதிகளிலும் நம்மவரின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதன்பின் அரசாங்கத்தின் உத்தரவுப்படி கம்பனிகள் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றைச் சுமார் ஒரு வாரம் தடை செய்தன. பொய் அதற்கு முன்னரே ஊரெல்லாம் போய்விட்டது. உறவினரின் சுகத்தை வட்ஸ்அப்பில் விசாரித்து வந்தவர்களுக்கோ அந்த வழி அடைபட்டது.

ஆகவே, வீட்டார் கேட்டுப் பெறும் பாதுகாப்பு வேறு, மேலிருந்து எல்லோருக்கும் போடும் பூட்டு வேறு. நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் கம்பனியால் அறிய முடியும். அந்த அறிவும் நமது பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கமும் அவர்களிடம் நாம் ஒப்படைத்த அமானிதம். அதை விற்கவோ பிறருக்கு வழங்கவோ அவர்களுக்கு உரிமையில்லை. இதற்கென்றே நமது நாட்டில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

கேட்டுப் பாருங்கள்

இம்மாதக் கட்டணம் செலுத்தும்போது உங்கள் கம்பனியிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. பிள்ளைகளுக்கான வடிகட்டி உண்டா? அதற்கு மேலதிகக் கட்டணமா?
2. என் இலக்கத்துக்கு எவரேனும் புதிய சிம் கேட்டால் எனக்கு முதலில் அறிவிப்பீர்களா?
3. மோசடிச் செய்தி வந்தால் எங்கே முறையிடுவது?
4. நள்ளிரவில் அழைத்தாலும் தமிழில் பதில் சொல்ல ஒருவர் இருப்பாரா?

திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் பலனில்லையேல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. ஒரு வீடு கேட்டால் அலட்சியம் செய்வார்கள். ஒரு மஹல்லாவின் பெண்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மாதர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

நமது பிள்ளைகளையும் நமது மானத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! அதற்கான முயற்சியை அறிவோடும் ஒற்றுமையோடும் செய்ய நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.