வல்லக்கோட்டை கால்வாயைக் காட்ட ஒரு வரைபட வல்லுநர் வேண்டும்!



இந்தியாவையே அளந்த முக்கோண நில அளவை 1802-ல் தொடங்கியது நம்ம பரங்கிமலையில்தான். அதே மண்ணில், வல்லக்கோட்டையில் இன்னைக்கு நிலைமை என்ன?

புலப்படம் தாலுகா ஆபீஸ்ல. ஏரி, கால்வாய் விவரம் நீர்வளத்துறையில. தொழிற்பேட்டை வரைபடம் சிப்காட்டில. மூன்றையும் ஒண்ணா வச்சுப் பார்க்க ஊராட்சியில ஒரு பணியிடம்கூட இல்லை!

ஒரகடம் வளர வளர மனைகள் பெருகுது. எந்த மனைக்கு அடியில வரத்துக் கால்வாய் இருந்துச்சுன்னு மழை வந்தாத்தான் தெரியுமா? 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுத்தந்த பாடம் போதாதா?

நமது கோரிக்கை: ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்துக்கு நிரந்தர ஜி.ஐ.எஸ். வல்லுநர் பணியிடம். மனை அனுமதிக்கு முன்பே அவர் கால்வாயைக் காட்டணும். அந்த வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் மக்கள் பார்வைக்கு இருக்கணும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்!

#நம்ஊர்_நம்வரைபடம்