முதல்ல ஸ்கீ செய்யுங்க சாமி, பிரஸ் அப்புறம்

சண்டிகர், டேராடூன், டெல்லிப் பக்கம் வேலைக்கு வந்த நம்மாட்களில் எனக்குத் தெரிந்தே மூணு பேருக்கு இந்தக் கிறுக்கு பிடித்திருக்கிறது. பனிக்காலம் வந்தால் குடும்பத்தோடு சோலாங், ஔலி, குல்மார்க் என்று கிளம்பி, வாடகை ஸ்கீயில் நாலு தடவை விழுந்து எழுந்தவர்கள். இப்போது "ஸ்கீயை நாமே வீட்ல செஞ்சா என்ன?" என்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு வருஷமாக மூணு பேரும் பிரஸ்ஸைப் பற்றியே பேசுகிறார்கள், ஒரு ஜோடி ஸ்கீகூட வெளியே வரவில்லை. சண்டை அங்கேதான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஸ்கீ என்பது ஒரு சாண்ட்விச். அடியில் வழுக்குகிற பிளாஸ்டிக், அதன் ஓரத்தில் எஃகு விளிம்பு, மேலே கண்ணாடி நார்த் துணி, நடுவில் மரம், மறுபடி கண்ணாடி நார், மேலே ஒரு அழகுத் தாள். எல்லாவற்றையும் எபாக்ஸி பசை பூசி அடுக்கி, வளைவான அச்சின் மேல் வைத்து, பசை இறுகும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அழுத்துகிற மிஷின்தான் பிரஸ்.

இதில் ரெண்டு கட்சி. ஒன்று "ரெடிமேடா இம்போர்ட் பண்ணு" கட்சி. இன்னொன்று "எதுக்குய்யா வாங்கணும், நம்ம வெல்டிங் பட்டறையில சொன்னா கால் விலையில முடிஞ்சுது" கட்சி. நம்மாட்கள் பெரும்பாலும் ரெண்டாவது. இஞ்சினியர் ஆச்சே! ரெண்டு கட்சியும் வாங்குவதா கட்டுவதா என்று அடித்துக்கொள்கிறதே தவிர, இப்போது அது தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

கட்டுகிற கட்சிக்கு முதலில் ஒரு கணக்கு. இவர்கள் வரைந்து வைத்திருக்கும் பிரஸ்ஸில் தீயணைப்பு வண்டிக் குழாய் மாதிரி ஒரு ஹோஸுக்குள் கம்ப்ரசர் காற்றை அடைத்து, அது உப்பி ஸ்கீயை அழுத்தும். ஹோஸ் அழுத்துகிற பரப்பு 30 செ.மீ. அகலம், 200 செ.மீ. நீளம் என்று வையுங்கள். 6000 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தம் கொடுத்தால் மொத்தம் 18,000 கிலோ. அதாவது 18 டன். முழு லோடு ஏற்றிய ஒரு லாரியின் எடை, மேலேயும் கீழேயும் உங்கள் சட்டத்தைப் பிளக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிற்பது ஞாயித்துக்கிழமை வாடகை மிஷினில் போட்ட வெல்டிங். பிடிக்காவிட்டால்? அடைத்து வைத்த காற்று, தண்ணீர் மாதிரி ஒழுகிப் போகாது, வெடிக்கும். பக்கத்து அறையில் பசங்க படித்துக்கொண்டிருப்பார்கள். பட்டறைக்காரருக்கு கேட் செய்யத் தெரியும், கிரில் செய்யத் தெரியும். 18 டன் தாங்கும் சட்டத்துக்கு யார் கணக்குப் போட்டது என்று கேட்டால் நண்பர் "ஓவர் டிசைன் பண்ணிடலாம் சார்" என்கிறார். அது பதிலா?

சரி, ஓவர் டிசைனே செய்யுங்கள். 200 மி.மீ. ஐ-பீம் மீட்டருக்கு 25 கிலோ வரும். மேலே மூணு, கீழே மூணு, ஒவ்வொன்றும் ரெண்டு மீட்டர் என்றாலே 300 கிலோ. குறுக்குச் சட்டம், போல்ட், அச்சு எல்லாம் சேர்த்தால் 400-ஐத் தாண்டும். எங்கே வைப்பீர்கள்? வாடகை வீட்டு மொட்டைமாடியிலா? நாமெல்லாம் மூணு வருஷத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு மூட்டை கட்டுகிற ஜாதி. ஃபிரிட்ஜை இறக்கவே பேக்கர்ஸ் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர ஏற்கெனவே ஆயிரம் காரணம் தேடுகிற வீட்டுக்காரருக்கு நீங்களே ஆயிரத்தொண்ணாவது காரணத்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

வாங்குகிற கட்சியும் துள்ள வேண்டாம். வெடிக்கிற பயம் குறையும், அவ்வளவுதான். எடை அதே எடை. அதோடு கப்பல் கூலி, சுங்கம், ரிப்பேர் என்றால் உதிரி பாகம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு எத்தனை ஜோடி வேண்டும்? (குழந்தைகளுக்குச் செய்யவே செய்யாதீர்கள், ரெண்டு வருஷத்தில் குட்டையாகிவிடும், வாடகைக்கே எடுங்கள்.) ஆக ரெண்டு ஜோடி. ரெண்டு ஜோடிக்காக ஒரு ஃபாக்டரி!

அப்போ எதை வைத்து அழுத்துவது? தலைக்கு மேலேயே இருக்கிறது, காற்று. ஏசி மெக்கானிக் தோளில் தூக்கி வருகிற வேக்கம் பம்ப் போதும். அடுக்கிய ஸ்கீயை அச்சோடு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, ஓரத்தைப் பிசின் டேப்பால் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று சதுர செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 0.9 கிலோ வீதம் அழுத்தும். 180 செ.மீ. நீளம், சராசரி 10 செ.மீ. அகலம் உள்ள ஒரு ஸ்கீமேல் இது 1,600 கிலோ. ஒரு மூலை விடாமல் ஒரே சீராக அழுத்தும். பை கிழிந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும், அழுத்தம் போகும், யாருக்கும் அடிபடாது. பம்ப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

இது ஏழைக்கேத்த எள்ளுருண்டை என்று நினைப்பவர்கள் ஹோவர்ட் ஹெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பால்டிமோரில் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1940-களின் கடைசியில் அலுமினியமும் மரமும் சேர்த்து ஸ்கீ செய்ய இறங்கினார். ஒரு பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைத் திருப்பிப் போட்டு, ரப்பர் பையிலிருந்து காற்றை உறிஞ்சி, பையைச் சூடான பழைய இஞ்சின் ஆயிலில் முக்கி ஒட்டினார். முதலில் செய்தவை உடைந்தன. திரும்பச் செய்தார், திரும்ப உடைந்தன. 1950-ல் கடைக்கு வந்த அவருடைய ஸ்கீ மரப் பலகைகளின் காலத்தை முடித்து வைத்தது. மூணு குளிர்காலமும் மனிதர் மிஷினைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை, ஸ்கீயை உடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். வேக்கத்தை நம்பினால் மலைமேல் போய்ச் செய்யாதீர்கள். குல்மார்க் 2,650 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை. சமவெளியில் செய்து தூக்கிப் போங்கள். மே மாத வெயிலில் எபாக்ஸி கலக்கினால் மக்கிலேயே புகைந்து கல்லாகிவிடும், ஜனவரிக் குளிரில் இறுகவே இறுகாது. மார்ச்சும் அக்டோபரும் உத்தமம்.

அச்சை நிச்சயமாக நீங்களே செய்யுங்கள், உங்கள் ஸ்கீயின் குணமே அந்த வளைவில்தான் இருக்கிறது. பூஜை மண்டபத்துக்கு ஜாலி வெட்டுகிற சிஎன்சி கார்விங் கடை இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறது. எம்டிஎஃப் பலகையில் வளைவை வெட்டித் தருவார்கள், நடு மரத்தை நுனியில் 2 மி.மீ., நடுவில் 11 மி.மீ. என்று சரித்தும் தருவார்கள். மரத்துக்கு யமுனா நகர் போங்கள். ஹரியானா விவசாயிகள் வளர்க்கிற பாப்ளர் மரம் பிளைவுட்டுக்காக அங்கேதான் வந்து குவிகிறது. ஐரோப்பாக்காரன் ஸ்கீக்குள் வைக்கிற மரங்களில் பாப்ளரும் ஒன்று! நாம் அதை லாரி லாரியாக உரித்துப் பிளைவுட் ஆக்குகிறோம்.

யோசிக்காமல் வாங்க வேண்டியவையும் உண்டு. எஃகு விளிம்பு, அடி பிளாஸ்டிக், பைண்டிங். பிளாஸ்டிக் கடையில் அதே பெயரில் ஷீட் கிடைக்கிறதே என்று வாங்கி ஒட்டாதீர்கள். ஸ்கீக்கான ஷீட்டில் பசை பிடிப்பதற்காக ஒரு பக்கத்தைத் தீயில் வாட்டிப் பக்குவப்படுத்தியிருப்பார்கள், மற்றது பாதி மலையில் உரிந்து வரும். பைண்டிங்கில் நம் ஜுகாட் புத்தியைக் காட்டவே கூடாது. விழும்போது அது கழலாவிட்டால் முழங்கால் போச்சு.

"பிரஸ்ஸில் சூடு கொடுத்தால் அரைமணியில் முடியுமே, கூடுதல் பசை பிதுங்கி எடையும் குறையுமே" என்பார்கள். உண்மைதான். ஒரு நாளைக்குப் பத்து ஜோடி விற்கிறவனுக்கு அது வேண்டும். நமக்கு ராத்திரி முழுக்க பம்ப் ஓடினால் என்ன குடி முழுகிப் போகிறது? கரண்ட் போகாமல் இருந்தால் சரி. (இன்வர்ட்டரில் போடுங்கள்.) இல்லை, மிஷின் கட்டுவதுதான் சுகம் என்றால் அதுவும் நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் வீட்டில் "ஸ்கீ செய்றேன்" என்று சொல்லிப் பணம் வாங்காதீர்கள்.

அஞ்சு ஜோடி செய்து, அதில் ரெண்டை உடைத்து, மூணைப் பனியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறமும் பிரஸ் வேண்டும் என்றால் வாங்குவதா கட்டுவதா என்று உட்கார்ந்து பேசலாம், டீ என் செலவு.