அப்புறம் மாத்திக்கலாமுங்க!

கோயமுத்தூர்க் கடைகளில் ஒரு விசேஷம். நம் தலையில் எதைக் கட்டினாலும் 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் கட்டுவார்கள். வலிக்கவே வலிக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தலை கனக்கும்.

2009 தீபாவளி முடிந்த கையோடு காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றேன். பாக்கெட்டில் பதினைந்தாயிரம். மனைவி கிரைண்டர் வாங்கச் சேர்த்த சீட்டுப் பணம். சோமனூர்ப் பக்கம் மைத்துனனுக்கு எட்டுத் தறி. ராத்திரியில் அவன் கணக்கை எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் ஏதாவது தருவான், அதில் கிரைண்டரே வாங்கிவிடலாம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பணம்.

"ஏனுங்ணா, இந்த செம்ப்ரான் 140 போட்டுக்கங்க. ஒரே கோர்தான். ஆனா சாக்கெட்டைப் பாருங்க, ஏ.எம்.3! நாளைக்குக் காசு வந்தா இதைக் கழட்டி வெச்சுட்டு நாலு கோர் போட்டுக்கலாம். போர்டு அப்படியே இருக்கும். அப்புறம் மாத்திக்கலாமுங்க!"

பொய் சொல்லவில்லை மனுஷன். அந்த ஏ.எம்.டி. சிப் அந்த வருஷம்தான் வந்திருந்தது. 2.7 கிகாஹெர்ட்ஸ், 45 வாட். அதே சாக்கெட்டில் ஃபீனம் 2 என்கிற நாலு கோர் சிப் உட்காரும். 2010 ஏப்ரலில் ஆறு கோரே வந்துவிட்டது. இன்டெல்லிலும் இதே கதைதான். 2007-ல் வந்த செலரான் 430 ஒற்றை கோர். போர்டு ஒத்துழைத்தால் அதே குழியில் நாலு கோர் கோர்-2-குவாட் உட்காரும்.

ஒரே கோர் என்றால் என்ன? மைத்துனன் குடோனில் போய்ப் பாருங்கள். ஒரு ஆள் நாலு தறி ஓட்டுவார். இங்கே நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு அங்கே ஓடுவார். ஓடுகிற வேகத்தில் நாலும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரித்தான் தெரியும். இரண்டு தறியில் ஒரே சமயத்தில் நூல் அறுந்தால்தான் விஷயம் வெளியே வரும். ஒன்று சும்மா நிற்கும். என் கம்ப்யூட்டரும் அப்படித்தான். கணக்கு மட்டும் என்றால் ஜம்மென்று ஓடும். பின்னால் வைரஸ் ஸ்கேன் ஆரம்பித்தால் போச்சு. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

அப்போதுதான் அக்கா பையன் குண்டைப் போட்டான். "மாமா, இதுக்குள்ள ரெண்டாவது கோர் இருக்கு. பூட்டி வெச்சிருக்காங்க."

நிஜம்தான்! திருப்பூர் காதர்பேட்டையில் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' பனியன் வாங்கியிருக்கிறீர்களா? தையலில் எங்கோ ஒரு பிசகு. அதனால் பாதி விலை. சில சமயம் பழுதே இல்லாத மிச்ச சரக்கும் அதே குவியலில் கிடக்கும். செம்ப்ரான் 140-ம் அந்த ஜாதி. இரண்டு கோரோடு பிறந்த சிப். ஒன்றில் பழுது இருக்கலாம். அல்லது மலிவு சரக்கு தேவைப்பட்டதால் நல்ல கோரையே பூட்டியிருக்கலாம். எது என்பது வாங்கியவன் அதிர்ஷ்டம். சில போர்டுகளில் பயாஸுக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றினால் பூட்டு திறந்துகொள்ளும்.

என் போர்டில் திறந்தது. திரையில் இரண்டு கோர்! காசில்லாமல் கிடைத்த கோர்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று நாள் ராஜபோகம். நாலாம் நாள் சனிக்கிழமை, வாரக் கூலி நாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரை நீலமானது. மறுபடி போட்டால் கூலிக் கணக்கு ஃபைல் திறக்கவில்லை. மீட்டர் எழுதிய துண்டுச் சீட்டுகளை டைப் அடித்த கையோடு குப்பையில் போட்டிருந்தேன். (காப்பி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். மனைவி அன்றைக்கே கேட்டுவிட்டாள்.)

போனில் மைத்துனன். "மச்சான், ஆளுங்க நிக்கறாங்க. மளிகைக்குக் காசு கொண்டு போகணும்..."

பஸ் பிடித்து ஓடினேன். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து நாலு பேர், வாசலில் பையோடு. ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதில் வயசான தறிக்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, திங்கள் முதல் சனி வரை எந்தத் தறியில் எத்தனை மீட்டர் என்று நாலு பேர் கணக்கையும் மனப்பாடமாக ஒப்பித்தார். மற்ற மூன்று பேரும் 'சரிதானுங்க' என்றார்கள். ஒன்பதரை மணிக்குக் கூலி பட்டுவாடா. அவருக்கும் ஒரே கோர்தான்!

அன்றிரவே இரண்டாவது கோரை மறுபடி பூட்டினேன்.

2012-ல் கையில் கொஞ்சம் காசு வந்தது. அதே கடைக்குப் போனேன். போர்டின் பட்டியலைப் பார்த்தால் 95 வாட் வரைதான் தாங்குமாம். ஆறு கோரில் பெரிய சிப்புகள் 125 வாட். போர்வெல்லில் ஐந்து ஹெச்.பி. மோட்டாரை இறக்கிவிட்டுப் பழைய கேபிளும் ஸ்டார்ட்டரும் போதும் என்றால் புகைதானே வரும்? என் போர்டு தாங்குகிற சிப்போ கடையில் இல்லை. கம்பெனி 2011-லேயே ஏ.எம்.3 ப்ளஸ் என்று அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது. "புது போர்டாவே போட்டுருங்ணா. அப்புறம் மாத்திக்கலாமுங்க!"

கும்பிடு போட்டுவிட்டு ராம் மட்டும் ஒரு ஜி.பி.யிலிருந்து நாலு ஜி.பி.யாக ஏற்றிக்கொண்டு வந்தேன். பிறகு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. இந்த இரண்டும்தான் உருப்படியான அப்கிரேடு.

எல்லாச் சாக்கெட்டும் ஏமாற்றும் என்று சொல்ல மாட்டேன். 2016-ல் வந்த ஏ.எம்.4 சாக்கெட்டில் ஆரம்ப கால ரைஸன் போட்டவர்கள் பலர், பயாஸைப் புதுப்பித்து, 2020-ல் வந்த 5000 வரிசை சிப்பை அதே போர்டில் உட்கார வைத்தார்கள். ஆகவே வாங்கும்போதே போர்டின் பெயரைச் சொல்லி, அது தாங்கும் சிப் பட்டியலைப் பாருங்கள். எத்தனை வாட் என்று பாருங்கள். மாற்றுவது என்றால் சிப் கடையில் இருக்கும்போதே மாற்றுங்கள். முக்கியமாக, இன்றைய வேலைக்கு இன்றைக்கே போதுமானதை வாங்குங்கள். 'அப்புறம்' என்பதற்குத் தனியாக ஒரு பைசா தராதீர்கள்.

கிரைண்டரா? இரண்டு வருஷம் கழித்து வந்தது. கல் இன்னும் தேயவில்லை.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. பழைய பெட்டிக்கு விண்டோஸ் 11 போட முடியுமா என்று விதிமுறையைப் படித்துப் பார்த்தேன். குறைந்தது இரண்டு கோர் வேண்டுமாம்.

என்னிடம் இரண்டு இருக்கிறது, ஸார். ஒன்று பூட்டியிருக்கிறது!